எல்.ஒய். போடும் முன் ஒரு கேள்வி

கடலூரிலும் சிதம்பரத்திலும் இடையிலுள்ள ஊர்களிலும் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு:

உங்கள் வகுப்புகளில் வழங்கும் ஒரு வாக்கியத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். "வெர்புக்குப் பின்னால் வந்தால் அது அட்வெர்ப், எல்.ஒய். போட்டுக்கொள்" என்பதுதான் அந்த வாக்கியம். சின்ன வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் அதைச் சுமக்கிறார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் அது கூடவே வருகிறது. பாதி உண்மை அது. முழுப் பொய்யாக இருந்தால் பிள்ளைகள் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி உண்மை பாதி இடங்களில் மார்க் வாங்கித் தருவதால் அதன் மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். "இங்கிலீஷ் கிராமரில் தமிழ் ஐயாவுக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஸ்டாஃப் ரூமில் கேட்டுப் பழகிய கேள்விதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவது உங்கள் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில். அங்கே உங்களுக்கு இருக்கும் உரிமை எனக்கும் உண்டு.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'மை வில்லேஜ்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளை ஊரைப் பற்றி வேறு எதை எழுதும்? 'அட் நைட் தி ஏர் ஸ்மெல்ஸ் பேட்' என்று எழுதியிருந்தாள். அந்த 'பேட்' என்ற சொல்லுக்கு மேலே சிவப்பு மையில் ஒரு சுழி. சொல்லின் வாலில் எல் ஒன்று, ஒய் ஒன்று. அவற்றுக்குக் கீழே இரட்டைக் கோடு. அரை மார்க் போயிருந்தது. அடுத்த பக்கத்தில் திருத்திய வாக்கியத்தைப் பத்து முறை இம்போசிஷன் எழுதியிருந்தாள்: 'தி ஏர் ஸ்மெல்ஸ் பேட்லி.' பத்து முறையும் தப்பு.

அவள் முதலில் எழுதியது சரி. காற்றுக்கு ஒரு மூக்கு இருந்து, அந்த மூக்கு அடைத்துக்கொண்டு சரியாக மோந்து பார்க்க முடியாமல் போனால்தான் 'ஸ்மெல்ஸ் பேட்லி' என்று எழுதலாம். எங்கள் காற்றுக்கு மூக்கில்லை. மூக்கு எங்களுக்குத்தான் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பாடு.

நாற்றத்தைப் பற்றி எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2004-ல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்ன வாடை அடித்தது என்று எழுதி வைக்கத் தொடங்கினார்கள். அழுகிய முட்டை வாடை, நெயில் பாலிஷ் வாடை என்று தங்களுக்குத் தெரிந்த பெயரையே வைத்தார்கள். காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். கண்டது கண்டபடி எழுதுவது என்றால் அதுதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண், தன் மூக்கை நம்பி ஒரு சரியான ஆங்கில வாக்கியம் எழுதுகிறாள். நாம் அதைத் திருத்திக் கெடுக்கிறோம். நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டியிருந்தால் எங்கள் தெருவில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வாக்கியத்தை அவள் எழுத வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள்?

எங்கள் ஊர் செம்மங்குப்பம். அந்தப் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளி வேன் மீது ரயில் மோதிய 2025 ஜூலை 8-ஆம் தேதி காலைக்குப் பிறகு எங்கள் ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் இல்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் போவதில்லை. இந்த ஊர்களில் ஒரு தாய் பிள்ளையைக் காலையில் வேனில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்புகிறாள் என்றால் அதில் பெரும்பங்கு ஆங்கிலத்துக்காக, என்பதை மட்டும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன். "கணக்கு நான் பார்த்துக்கிறேன் ஐயா, இங்கிலீஷ் வந்துட்டா போதும்" என்று என்னிடமே சொன்ன தாய்மார்கள் உண்டு. அந்த நம்பிக்கை உங்கள் கையில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிங்கிங் வெர்ப் என்று ஒரு வகை இருப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீ, பிகம், சீம் ஆகியவை எப்போதும் அந்த வகைதான். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பவை லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் என்ற ஐந்தும். இவை ஒரு வாக்கியத்தில் செயலைச் சொல்லும், அடுத்த வாக்கியத்தில் நிலையைச் சொல்லும். 'தி குக் டேஸ்டட் தி சூப் கேர்ஃபுலி' என்பதில் சமையல்காரர் கரண்டியை வாயில் வைத்துப் பார்க்கிறார், அது வேலை. 'தி சூப் டேஸ்டட் சவர்' என்பதில் சூப் எந்த வேலையும் செய்யவில்லை, கிண்ணத்தில் சும்மா இருக்கிறது. முதலாவதில் எல்.ஒய். வேண்டும். இரண்டாவதில் போட்டால் கெட்டது.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஹி லுக்ட் ஆங்ரிலி' என்பதை எப்படிச் சொல்வோம்? அவன் கோபமாகப் பார்த்தான். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்பதை? அவன் கோபமாகத் தெரிந்தான். கோபமாக என்ற சொல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது, வினைதான் மாறிவிட்டது. பார்த்தல் வேறு, தெரிதல் வேறு. மோந்து பார்த்தல் வேறு, நாறுதல் வேறு. ருசி பார்த்தல் வேறு, ருசியாக இருத்தல் வேறு. தமிழ், வினையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அடையை ஒன்றாக விட்டுவைத்திருக்கிறது. ஆங்கிலம், வினையை ஒன்றாக விட்டுவிட்டு அடையை இரண்டாகப் பிரித்திருக்கிறது. வேறுபாடு என்னவோ ஒன்றுதான். அதை எந்தச் சொல்லில் காட்டுவது என்பதில்தான் இரண்டு மொழிக்கும் வழக்கு. ஆக, எங்கள் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மூன்று வயதிலேயே தெரியும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது வேறுபாட்டை அல்ல, அது ஆங்கிலத்தில் உட்காரும் இடத்தை மட்டும்தான்.

நாமோ என்ன செய்கிறோம்? தமிழ் வகுப்பில் தமிழாசிரியர்கள் நாங்கள் ஒன்று சொல்லிக் கொடுக்கிறோம்: ஆன வந்தால் பெயரடை, ஆக வந்தால் வினையடை. அழகான பெண், அழகாகப் பாடினாள். அடுத்த பீரியடில் நீங்கள் வந்து அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்கிறீர்கள். பிள்ளை இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்கிறது: ஆன என்றால் எல்.ஒய். இல்லை, ஆக என்றால் எல்.ஒய். உண்டு. அப்புறம் 'குழம்பு புளிப்பாக இருக்கிறது' என்று மனதில் நினைத்து 'சவர்லி' என்று எழுதுகிறது. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்று நினைத்து 'ஷி இஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதுகிறது. வகுப்பே சிரிக்கிறது. சிரிக்கும்படியாக அதில் ஒன்றும் இல்லை. நாம் இருவரும் கொடுத்த இரண்டு விதிகளை அந்தப் பிள்ளை ஒழுங்காக ஒன்றுசேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். குற்றம் எதுவானாலும் நம் இருவர் மேஜை மேலும் வைக்க வேண்டியது.

தமிழில் ஆக என்பது வினையடைக்கு மட்டும் பட்டா எழுதிக் கொடுத்த உருபு அல்ல. இரு என்ற வினையோடு அது சேரும்போது எழுவாயின் குணத்தைச் சொல்கிறது. ஓடு, பாடு என்ற வினைகளோடு சேரும்போது செயலின் தன்மையைச் சொல்கிறது. பேச்சில் வரும் 'நல்லா' இன்னும் தாராளம். குழம்பு நல்லாருக்கு, பாப்பா நல்லாப் பாடுது. முதல் நல்லா ஆங்கிலத்தில் 'குட்', இரண்டாம் நல்லா 'வெல்'. நம் பழைய இலக்கணத்துக்கும் இது புதிதல்ல. பெயரோடும் வினையோடும் ஒட்டக்கூடிய சொற்களை உரிச்சொல் என்று தொல்காப்பியர் தனி இயலே வகுத்து வைத்தார். பெயருக்கு ஓர் அடை, வினைக்கு வேறோர் அடை என்று கறாராகப் பாத்தி கட்டியது பின்னால் வந்த பள்ளிப் பாடநூல்கள். தற்காலத் தமிழில் ஆகவும் ஆனவும் செய்யும் வேலைகளை மொழியியலார் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். தாமஸ் லேமன் ஆங்கிலத்தில் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூல் 1989-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் வெளியானது. சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரம். இவ்வளவு இருந்தும் பள்ளிக்கூடத்துக்குள் அது வந்து சேரவில்லை.

சரி, பிள்ளைக்கு எதைத்தான் சொல்வது? இஸ் அல்லது வாஸ் போட்டுப் பார், பொருள் நின்றால் எல்.ஒய். வேண்டாம் என்று சிலர் சொல்லித் தருகிறீர்கள். நல்ல வழிதான். 'தி சூப் டேஸ்டட் சவர்', 'தி சூப் வாஸ் சவர்', நிற்கிறது. ஆனால் அந்தச் சோதனைக்குப் பிள்ளையின் ஆங்கிலக் காது ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். 'வாஸ் சவர்லி' என்பதே அதன் காதுக்கு நன்றாகத்தான் ஒலிக்கிறது என்றால் சோதனை எப்படிப் பலிக்கும்? அதனால் நான் திண்ணையில் தமிழிலேயே சோதிக்கச் சொல்கிறேன்.

ஆகவை ஆன ஆக்கு. அந்த ஆன எந்தப் பெயரோடு போய் ஒட்டுகிறது என்று பார். 'குழம்பு புளிப்பாக இருக்கிறது': புளிப்பான குழம்பு. குழம்போடு ஒட்டுகிறது, எல்.ஒய். வேண்டாம். 'தெளிவாகப் பேசினாள்': தெளிவான பேச்சு. பேச்சு என்பது செயலின் பெயர்; 'கிளியர்லி'. 'கோபமாகப் பார்த்தான்': கோபமான பார்வை, 'ஆங்ரிலி'. 'கோபமாகத் தெரிந்தான்': கோபமான தெரிதல் என்று ஒன்று கிடையாது, கோபமான ஆள்தான் உண்டு, ஆகவே 'ஆங்ரி'. ஆளோடும் பொருளோடும் ஒட்டினால் அட்ஜெக்டிவ். செய்கையின் பெயரோடு ஒட்டினால் அட்வெர்ப். பேச்சு, பார்வை, ஓட்டம், பாட்டு என்று செய்கைப் பெயர்களைப் பிள்ளைகள் சளைக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். தொழிற்பெயர் என்ற பாடத்தில் நான் நடத்தியது முதன்முறையாக எதற்கோ உதவுகிறது என்று எனக்கும் ஒரு திருப்தி.

இந்தச் சோதனை உங்கள் லிங்கிங் வெர்ப் பட்டியலுக்கு வெளியேயும் வேலை செய்கிறது. 'டீயைச் சூடாகக் குடி' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். குடி என்பது அசல் செயல்வினை; உங்கள் விதிப்படி எல்.ஒய். விழ வேண்டும். ஆனால் 'டிரிங்க் இட் ஹாட்லி' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. சூடான குடிப்பு இல்லை, சூடான டீதான் இருக்கிறது; 'டிரிங்க் இட் ஹாட்'. 'தட்டைச் சுத்தமாகக் கழுவு': கழுவி முடிக்கும்போது இருக்கப் போவது சுத்தமான தட்டு, 'வாஷ் தி பிளேட் கிளீன்'. 'தட்டை மெதுவாகக் கழுவு': மெதுவான தட்டு என்று ஒன்று உலகத்தில் இல்லை, 'ஸ்லோலி'. 'பிள்ளை சோர்வாக வீட்டுக்கு வந்தது': சோர்வான பிள்ளை, 'கேம் ஹோம் டயர்ட்'.

எல்லா இடத்திலும் இது பிசகாமல் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினால் கிடைப்பது பொடியான வெங்காயம்; ஆனால் ஆங்கிலச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் 'ஃபைன்லி' என்றே எழுதுகின்றன. கயிற்றை இறுக்கமாகக் கட்டு என்றால் இறுக்கமான கட்டு என்றும் சொல்லலாம், இறுக்கமான கயிறு என்றும் சொல்லலாம், சோதனை தள்ளாடுகிறது. வேடிக்கை, அங்கே ஆங்கிலமும் தள்ளாடுகிறது. 'டைட்' என்பதும் 'டைட்லி' என்பதும் இரண்டுமே வழக்கில் உண்டு. 'ஐ ஃபீல் பேட்' சரியா 'ஐ ஃபீல் பேட்லி' சரியா என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கே தீராததற்கு எங்கள் பிள்ளையின் அரை மார்க்கைப் பிடுங்குவது நியாயமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது: போ, வா, ஓடு. 'தி மில்க் வென்ட் பேட்', 'தி ட்ரீம் கேம் ட்ரூ', 'தி லேக் ரேன் ட்ரை'. செயல்வினை என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் முதலில் சொல்வது இந்த மூன்றைத்தான். வீராணம் ஏரி 'ரேன் ட்ரை' என்றால் ஏரி எங்கும் ஓடவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது, தண்ணீர்தான் இல்லை. இதைப் புரியவைக்க நீங்கள் படாத பாடு படுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே கேள்வியில் முடித்துவிடலாம். பால் கெட்டுப் போச்சு என்கிறோமே, பால் எங்கே போச்சு? ஏரி வறண்டு போச்சு என்கிறோமே, ஏரி எங்கே போச்சு? பிள்ளைகள் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வார்கள். நம் துணைவினையான போ-வும் அவர்களுடைய கோ-வும் இந்த இடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. நிலை மாறிவிட்டது, அதுவும் கெட்ட பக்கமாக மாறிவிட்டது என்பதைச் சொல்கின்றன. 'வென்ட் பேட்' உண்டு, 'வென்ட் குட்' இல்லை. கெட்டுப் போச்சு உண்டு, நல்லாப் போச்சு என்றால் அது வேறு பொருள்.

எல்.ஒய். வெறியால் வரும் இன்னொரு சேதத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் படித்து முடித்த பையன்கள் சிப்காட் கம்பெனிகளுக்கும் நெய்வேலிக்கும் விண்ணப்பம் எழுதுகிறார்கள். 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி' என்று எழுதிய காகிதம் ஒன்றை என் கையாலேயே நிறுத்தி வைத்தேன். கடினமாக உழைப்பேன் என்று நினைத்து அவன் எழுதியதன் பொருள், வேலை செய்யவே மாட்டேன் என்பதற்கு மிக நெருக்கம். தெளிவான பையன்; பி.எஸ்சி. முடித்தவன். வெர்புக்குப் பின்னால் எல்.ஒய். என்பதைக் கீழ்ப்படிந்து கடைப்பிடித்தவன். கீழ்ப்படியாத மாணவன் 'ஹார்ட்' என்று எழுதித் தப்பித்திருப்பான். 'லேட்' என்பதைத் திருத்தி 'லேட்லி' ஆக்கினாலும் இதே கதிதான். தாமதமாக வந்தேன் என்பது சமீபத்தில் வந்தேன் என்று ஆகிவிடும். சிநேகமாகப் பேசினார் என்று எழுத வந்த பிள்ளை 'ஃப்ரெண்ட்லி' என்று பார்த்ததும் எல்.ஒய். ஏற்கெனவே இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறது. அது அட்ஜெக்டிவ் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஃபாஸ்ட், ஹார்ட், லேட் இவை ஏன் எல்.ஒய். இல்லாமல் வருகின்றன என்று பிள்ளை கேட்டால் "அது எக்செப்ஷன், மனப்பாடம் பண்ணு" என்கிறீர்கள். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, கதை மாதிரியே சொல்லலாம். பழைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவுக்கு ஓர் ஈ எழுத்தைச் சேர்த்தால் அட்வெர்ப் ஆகிவிடும். காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்து மறைந்தது. இரண்டு சொல்லும் ஒன்றுபோல ஆகிவிட்டன. 'லிக்' என்று வடிவத்தையும் உடலையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்த விகுதிதான் இன்றைய லி. அது மெல்ல மெல்லப் பரவியது. பரவாமல் விடுபட்டவைதான் உங்கள் எக்செப்ஷன்கள். ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் 1762-ல் வெளியிட்ட இலக்கண நூலில், அட்ஜெக்டிவை அட்வெர்பாக வைத்து எழுதுவது முறையல்ல என்றார். பள்ளிக்கூடங்கள் அந்த மாதிரி இலக்கணங்களைப் பிடித்துக்கொண்டன. ஜனங்கள் தங்கள் வழியே போனார்கள். ஆப்பிள் கம்பெனி 1997-ல் 'திங்க் டிஃபரன்ட்' என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. நம் சாலை ஓரத்தில் 'கோ ஸ்லோ' பலகையைப் பஸ் ஜன்னல் வழியே படித்துக்கொண்டு வந்த பிள்ளை, வகுப்பில் 'ஸ்லோலி' என்று எழுதாவிட்டால் தப்பு என்று கேட்கிறது. எதை நம்பும்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வகுப்பில் கூட்டம் அதிகம். பாடம் முடிக்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு ஒரு சுருக்கு வழி இருந்தால்தான் கடைசி பெஞ்ச் பையனும் பாஸ் ஆவான். விதிக்கு ஐந்தாறு விலக்குகளையும் சேர்த்துச் சொன்னால் எழுதத் தெரிந்த பிள்ளையும் குழம்பிவிடும் என்று பயப்படுகிறீர்கள். இதையெல்லாம் வேலை செய்த காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆனாலும் சுருக்கு வழி தப்பான ஊருக்குக் கொண்டுபோய் விடும் என்றால் அது சுருக்கு வழி ஆகாது.

இதைவிடப் பெரிய தடை வேறொன்று என்று நினைக்கிறேன். ஆங்கில வகுப்பில் தமிழ் வாயில் வரக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு பல பள்ளிகளில் இருக்கிறது. தமிழில் பேசினால் அபராதம் வசூலிக்கும் இடங்களும் உண்டு. பேசிப் பழகும் நேரத்துக்கு அது சரியோ தவறோ, அந்த வாதத்துக்குள் நான் வரவில்லை. கிராமர் நடத்தும் நேரத்தில் தமிழை வெளியே நிறுத்தினால் நட்டம் உங்களுக்குத்தான். பிள்ளை தமிழில்தான் யோசிக்கிறது. அந்த யோசனை உங்கள் கண்ணில் படாமல் உள்ளேயே நடக்கிறது, அங்கேயே தப்பாகவும் முடிகிறது. 'சவர்லி' என்று எழுதிய பிள்ளையிடம் "நீ தமிழில் என்ன நினைத்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது 'புளிப்பாக' என்று சொல்லியிருக்கும், உங்களுக்கு நோய் எங்கே என்று உடனே புரிந்திருக்கும். கேட்பதற்குத்தான் அனுமதி இல்லை. 1968 முதல் இந்த மாநிலம் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டு மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறது. இருப்பதே இரண்டு. அந்த இரண்டு மொழிகளின் ஆசிரியர்கள் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு ஆக, ஆன பற்றி ஒரு நாள்கூடப் பேசிக்கொண்டதில்லை என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஆங்கில ஆசிரியை ஒருவர், நான் சொன்ன பிறகு, ஆன சோதனையைத் தன் வகுப்பில் செய்து பார்த்தார். பிள்ளைகள் தாங்களாகவே வாக்கியங்களை இழுத்துக்கொண்டு வந்தார்களாம். ஒரு பையன் "பரோட்டாவைப் பிச்சிப் போட்டுச் சூடாச் சாப்பிட்டேன்" என்பதற்கு எல்.ஒய். உண்டா என்று கேட்டு, மொத்த வகுப்பும் அதை விவாதித்து, இல்லை என்று முடிவு சொல்லியிருக்கிறது. சூடான சாப்பிடல் இல்லை மிஸ், சூடான பரோட்டாதான் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். கிராமர் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து காரணம் வந்ததே எனக்குப் போதும் என்றார் அவர்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. 'வெர்புக்குப் பின்னால் எல்.ஒய்.' என்ற வாக்கியத்தை வகுப்பில் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக 'யாரைச் சொல்கிறாய், ஆளையா செய்கையையா?' என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தமிழிலேயே எழுதிப் போடுங்கள். ஒரு பிள்ளை எல்.ஒய். இல்லாமல் எழுதியிருந்தால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன் அது என்ன நினைத்து எழுதியது என்று கேளுங்கள். இந்த ஆண்டு திருத்திய நோட்டுகளில் லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் வரும் இடங்களை மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தவறாகத் திருத்தியிருந்தால் வகுப்பின் முன்னால் மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் மார்க்கைத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்த வகுப்பு அந்தப் பாடத்தை மறக்காது. தலைமையாசிரியர்களிடம் சொல்லி, ஜூனில் பள்ளி திறந்ததும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு பீரியட் வாங்கிக்கொள்ளுங்கள். ஆகவும் ஆனவும் அவர் எழுதட்டும், பக்கத்தில் அட்ஜெக்டிவும் அட்வெர்பும் நீங்கள் எழுதுங்கள். உங்கள் பள்ளித் தமிழாசிரியருக்கு நேரமில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
செம்மங்குப்பம்.